எலும்புக்கு ஏற்ற பொருள் எது?

முறிந்த எலும்பை நேராக நிறுத்தி, மூங்கில் பத்தைகளை வைத்துக் கட்டிக் குணப்படுத்தும் முறை நம் நாட்டில் தொன்றுதொட்டு வழங்கி வருகிறது. முறிந்த முனைகள் அசையாமல் இருக்குமானால் எலும்பு தானே கூடிக்கொள்ளும். ஆனால் தேய்ந்துபோன மூட்டு அவ்வாறு கூடுவதில்லை. மூட்டின் முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு ஒருமுறை அழிந்துவிட்டால், அது பழைய நிலைக்கு வளர்வது அரிது. எலும்பு எலும்போடு உராய, நடப்பதே துன்பமாகிவிடுகிறது. இத்தகைய மூட்டை அகற்றி, அதனிடத்தில் செயற்கை மூட்டு ஒன்றைப் பொருத்துவது இன்று உலகெங்கும் நடைபெறும் ரண சிகிச்சையாகும்.

இச்சிகிச்சையின் வரலாறு ஒரு வகையில் பொருள்களின் வரலாறே எனலாம். 1890ஆம் ஆண்டையொட்டிப் பெர்லின் நகரில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்னும் மருத்துவர் தந்தத்தினால் மூட்டுகளைச் செய்து பொருத்தினார். 1923ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த ஸ்மித்-பீட்டர்சன் கண்ணாடிக் கிண்ணத்தைப் பயன்படுத்தினார். 1946ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக் பிளாஸ்டிக்கினால் எலும்பின் தலையைச் செய்தனர். தந்தம் சீழ்பிடித்த மூட்டுகளில் நிலைக்கவில்லை, கண்ணாடி உடைந்தது, அக்ரிலிக் தேய்ந்தும் முறிந்தும் போயிற்று. இவற்றுள் ஒவ்வொன்றும் தனக்குரிய வேறொரு துறையில் நற்பெயர் பெற்ற பொருள் என்பது கவனிக்கத்தக்கது. வெளியே சிறந்து விளங்கிய பொருள் உடலுக்குள் ஏன் தோற்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூட்டின் மீது விழும் பாரம்

இடுப்பு மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும் சேர்ந்த அமைப்பு. தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பிலுள்ள குழிவில் பொருந்திச் சுழல்கிறது. மனிதன் ஒற்றைக் காலில் நிற்கும்போது அம்மூட்டில் விழும் விசை அவனுடைய உடல் எடைக்குச் சமமானது என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதுவன்று. உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் இடுப்புத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. அவ்விழுப்பும் மூட்டின் மீதே விழுகிறது. விசையை அளக்கும் கருவிகள் உள்ளமைந்த செயற்கை மூட்டுகளைக் கொண்டு பெர்லினில் செய்யப்பட்ட அளவீடுகளின்படி, சாதாரண நடையில் இவ்விசை உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்காகும். கால் இடறும் கணத்தில் அது ஏழு மடங்குக்கும் மேல் உயரக்கூடும்.

ஆகவே, 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் மூட்டின் மீது சுமார் 150 கிலோகிராம் பாரம் ஏறி இறங்குகிறது. நடமாட்டமுள்ள மனிதர் ஓராண்டில் ஒவ்வொரு காலாலும் ஏறத்தாழப் பத்து லட்சம் அடிகள் எடுத்து வைக்கிறார் என்று பொறியாளர்கள் கணக்கிடுகின்றனர். இருபது ஆண்டுகளில் இரண்டு கோடி முறை பாரம் ஏறி இறங்க வேண்டும். ஒரே பாரத்தை ஒருமுறை எளிதாகத் தாங்கும் உலோகம், அதே பாரம் லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கும்போது நுண்ணிய வெடிப்பு கண்டு முறிந்துவிடக்கூடும். ஒரு கம்பியை மேலும் கீழுமாகப் பலமுறை வளைத்து ஒடிப்பதில் இதனைக் காணலாம். பொறியியலில் இதற்கு உலோகக் களைப்பு என்று பெயர். உடலுக்குள் வைக்கும் உலோகத்தின் வலிமையை மதிப்பிடும்போது, அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதோடு, எத்தனை முறை தாங்கும் என்றும் கேட்க வேண்டும்.

உப்பு நீரில் உலோகம்

உடலின் நீர்மங்கள் உலோகத்துக்கு நட்பானவை அல்ல. அவற்றின் உப்புத் தன்மை, 100 பங்கு நீரில் 0.9 பங்கு சாதாரண உப்பைக் கரைத்த கரைசலை ஒத்தது. வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ், பிராணவாயுவும் உண்டு. அரிமானத்துக்கு வேண்டிய சூழ்நிலை அனைத்தும் அங்கே அமைந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனைச் சேர்ந்த ஆர்பத்நாட் லேன் முறிந்த எலும்புகளை எஃகுத் திருகாணிகளாலும் தகடுகளாலும் இணைத்தார். கிருமிகள் தீண்டாதவாறு அவர் கையாண்ட முறைகள் போற்றத்தக்கவை. ஆயினும், அக்கால எஃகு உடலுக்குள் அரிக்கப்பட்டது.

அரிமானத்தின் காரணத்தைத் தெளிவாக்கியவர்களுள் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த வெனபிள், ஸ்டக் என்னும் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். 1930களில் அவர்கள் நாய்களின் எலும்புகளில் பல்வேறு உலோகத் திருகாணிகளைப் பொருத்தி ஆராய்ந்தனர். இரு வேறு உலோகங்கள் உடலின் உப்பு நீரில் அருகருகே இருக்கும்போது அவை ஒரு மின்கலமாக இயங்கி, ஓர் உலோகம் கரையத் தொடங்குவதையும், சுற்றியுள்ள எலும்பு கெடுவதையும் அவர்கள் கண்டனர். தகடு ஓர் உலோகத்திலும் திருகாணி வேறோர் உலோகத்திலும் இருக்கலாகாது என்னும் விதி இவ்வாராய்ச்சியினால் வலுப்பெற்றது. கோபால்ட், குரோமியம், மாலிப்டினம் ஆகியவை சேர்ந்த உலோகக் கலவை மிகக் குறைவாகவே பாதிக்கப்பட்டதும் புலனாயிற்று. 1938ஆம் ஆண்டில் ஸ்மித்-பீட்டர்சன் கண்ணாடியைக் கைவிட்டுத் தமது கிண்ணத்தை இக்கலவையில் செய்யலானார்.

இத்தகைய உலோகங்கள் அரிக்கப்படாமல் இருப்பதன் இரகசியம் அவற்றின் மேற்பரப்பில் உள்ளது. துருப்பிடிக்காத எஃகிலும் கோபால்ட் கலவையிலும் உள்ள குரோமியம், பிராணவாயுவுடன் கூடி மெல்லிய ஆக்ஸைடு படலமாகிறது. டைட்டானியத்திலும் அவ்வாறே ஒரு படலம் உண்டாகிறது. அதன் பருமன் ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அவற்றுள் சில பங்குகளே. கீறப்பட்டால் படலம் மீண்டும் உண்டாகும். ஆனால் அதற்குப் பிராணவாயு வேண்டும். திருகாணித் தலைக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள குறுகிய சந்தில் பிராணவாயு குறைவாதலால், எஃகின் அரிமானம் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது. உடலில் பயன்படும் எஃகில் மாலிப்டினம் சேர்ப்பதும், கரியை 0.03 சதவீதத்துக்கு மேற்படாமல் வைத்துக்கொள்வதும் இக்குறையைத் தணிப்பதற்கே.

வலிமை வேறு, விறைப்பு வேறு

அரிக்கப்படாத, களைப்புறாத உலோகம் ஒன்று கிடைத்துவிட்டால் போதுமா? போதாது. ஏனெனில், எலும்பு உயிரற்ற தூண் அன்று. அது தன் மீது விழும் பாரத்துக்கேற்பத் தன்னை இடையறாது திருத்தி அமைத்துக்கொள்ளும் உயிருள்ள திசு. பாரம் மிகுந்த இடத்தில் எலும்பு தடிக்கிறது. பாரம் குறைந்த இடத்தில் கரைகிறது. பெர்லினைச் சேர்ந்த ஜூலியஸ் வுல்ஃப் 1892ஆம் ஆண்டில் இவ்வியல்பை ஒரு விதியாக எடுத்துரைத்தார்.

இவ்விதியின் விளைவைப் புரிந்துகொள்வதற்கு, வலிமைக்கும் விறைப்புக்கும் உள்ள வேற்றுமையை அறிய வேண்டும். ஒரு பொருள் முறியாமல் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது அதன் வலிமை. குறிப்பிட்ட பாரத்தில் அது எவ்வளவு குறைவாக வளைகிறது அல்லது நீள்கிறது என்பது அதன் விறைப்பு. தொடை எலும்பின் உறுதியான புறப்பகுதியின் விறைப்பை ஒன்று என வைத்துக்கொண்டால், துருப்பிடிக்காத எஃகின் விறைப்பு சுமார் 12. கோபால்ட்-குரோமியக் கலவையின் விறைப்பு 13 அல்லது அதற்கும் மேல். டைட்டானியக் கலவையின் விறைப்பு சுமார் ஆறரை.

விறைப்பான எஃகுத் தகடு எலும்போடு பிணைக்கப்படும்போது பாரத்தின் பெரும்பகுதியைத் தகடே ஏற்றுக்கொள்கிறது. எலும்புக்கு வேலை குறைகிறது. நாளடைவில் அது மெலிகிறது. குடும்பத்தின் சுமை முழுவதையும் மூத்தவனே தாங்கினால் இளையவன் உழைப்பறியாது நலிவதை ஒத்தது இது. முறிவு கூடியபின் தகட்டை அகற்றினால், மெலிந்த எலும்பு சிறிய அதிர்ச்சியிலும் மீண்டும் முறியக்கூடும். செயற்கை மூட்டின் தண்டு பொருத்தப்பட்ட தொடை எலும்பின் மேற்பகுதியிலும் இத்தகைய மெலிவு காணப்படுவதுண்டு.

அவ்வாறாயின் விறைப்பு குறைந்த பொருளே நல்லது என்று முடிவு செய்துவிடலாமா? அதுவும் பொருந்தாது. எலும்பின் அளவுக்கே வளையக்கூடிய தண்டுகளும் 1970களில் செய்யப்பட்டன. அவை எலும்போடு சேரும் இடத்தில் நுண்ணிய அசைவு மிகுந்து, பல தண்டுகள் தளர்ந்துவிட்டன. மிகை விறைப்பு எலும்பை மெலியச் செய்கிறது. மிகை நெகிழ்வு பிணைப்பைத் தளர்த்துகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் டைட்டானியம் இருப்பதே அதன் சிறப்பு. எலும்பு அதன் மேற்பரப்போடு நேரே ஒட்டி வளர்வதைச் சுவீடன் நாட்டு விஞ்ஞானி பெர்-இங்வார் பிரோனமார்க் 1952ஆம் ஆண்டில் முயல்களில் வேறோர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது கண்டறிந்தார். எலும்பில் பதித்திருந்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முயன்றபோது, எலும்பு அதனை விடவில்லை.

வழுக்கிய பொருள் தோற்ற வரலாறு

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் பிழைக்கும், அதனைத் திருத்தும் வழிக்கும் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லியின் அனுபவத்தினும் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை எனலாம். லங்காஷயர் மாநிலத்தில், முன்னர்க் காசநோய் விடுதியாக இருந்த ரைட்டிங்டன் மருத்துவமனையில் அவர் பணியாற்றி வந்தார். அக்ரிலிக் தலை பொருத்தப்பட்ட ஒருவரை அவர் சந்தித்தார். அம்மனிதர் குனியும்போதெல்லாம் மூட்டு கீச்சிட்டது. அவ்வொலியைத் தாங்கமாட்டாமல் மனைவி அறையை விட்டே சென்றுவிடுவாராம். இந்தக் கீச்சொலி சார்ன்லியைச் சிந்திக்கச் செய்தது. மூட்டில் உராய்வு மிகுதியாக இருந்தால் கிண்ணம் தளர்ந்துவிடும் என்று அவர் கருதினார். இயற்கையான குருத்தெலும்பின் உராய்வோ பனிக்கட்டியின் மேல் பனிக்கட்டி வழுக்குவதினும் குறைவானது.

ஆகவே, உராய்வு மிகக் குறைந்த திடப்பொருள் எது என்று தேடி அவர் டெஃப்லானைத் தேர்ந்தெடுத்தார். எலும்பின் தலையை எஃகினாலும் கிண்ணத்தை டெஃப்லானாலும் செய்தார். தலையின் விட்டத்தைச் சுமார் 42 மில்லிமீட்டரிலிருந்து படிப்படியாக 22 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அளவாகக் குறைத்தார். தலை சிறியதாயின், உராய்வு விசை சுழலச்சுக்கு அருகில் செயற்பட்டுக் கிண்ணத்தைத் திருகும் ஆற்றலை இழக்கிறது என்பது அவருடைய கணக்கு. பல்மருத்துவப் பொருள்களில் வல்லுநரான டென்னிஸ் ஸ்மித்தின் ஆலோசனைப்படி, பல் செட்டுகள் செய்யப் பயன்பட்ட அக்ரிலிக் வகையைக் காரையாகக் கொண்டு மூட்டை எலும்பில் பதித்தார். ஊன்றுகோலின்றி நடக்க இயலாதிருந்தோர் எழுந்து நடந்தனர். 1961ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் இச்சிகிச்சையைப் பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்தது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. இரண்டு, மூன்று ஆண்டுகளில் டெஃப்லான் கிண்ணங்கள் குழிந்து தேய்ந்தன. தேய்ந்த துகள்கள் சுற்றியுள்ள திசுவைப் புண்படுத்திக் கட்டிகளை உண்டாக்கின. சுமார் 300 நோயாளிகளுக்கு டெஃப்லான் பொருத்தப்பட்டிருந்தது. வலியிலிருந்து விடுபட்டோம் என்று நம்பியிருந்தவர்கள் மீண்டும் ரண சிகிச்சைக்கு வர வேண்டியதாயிற்று. சார்ன்லியின் கணக்கில் உராய்வைப் பற்றிய பகுதி சரியாகவே இருந்தது. ஆனால், வழுக்குவது வேறு, தேயாதிருப்பது வேறு. மெழுகுவர்த்தியை மரப்பலகையின் மேல் தேய்த்தால் அது எளிதாக வழுக்கிச் செல்கிறது. செல்லும் வழியெல்லாம் தன்னை இழந்துகொண்டும் போகிறது.

நெசவாலையிலிருந்து வந்த பொருள்

1962ஆம் ஆண்டில் பிளாஸ்டிக் பொருள் விற்பனையாளர் ஒருவர் ரைட்டிங்டன் மருத்துவமனைக்கு வந்தார். லங்காஷயர் நெசவாலைகளில், தறிகளின் பல்சக்கரங்களுக்குப் பயன்பட்ட ஒரு வகைப் பாலிஎதிலீனின் மாதிரித் துண்டை அவர் கொண்டுவந்திருந்தார். அங்கு கருவிகள் செய்து வந்த ஹாரி க்ரேவன் அதனை வாங்கி வைத்துக்கொண்டார். நகத்தால் கீறிப் பார்த்த சார்ன்லிக்கு அதில் நம்பிக்கை பிறக்கவில்லை. அவர் வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குச் சென்றிருந்த காலத்தில், க்ரேவன் தாமாகவே அத்துண்டைத் தேய்மானச் சோதனைப் பொறியில் இட்டு இரவும் பகலும் இயக்கினார். மூன்று வாரங்களுக்குப் பின் அளந்தபோது, டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேய்ந்திருக்கவில்லை.

இப்பொருளின் சிறப்பு அதன் மூலக்கூற்றின் நீளத்தில் உள்ளது. கடைகளில் கிடைக்கும் பைகளும் பாலிஎதிலீன்தான். ஆனால், மூட்டுகளில் பயன்படும் வகையின் மூலக்கூற்று எடை பொதுவாக 20 லட்சத்துக்கும் 60 லட்சத்துக்கும் இடைப்பட்டது. நீண்ட இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் அவற்றைப் பிய்த்தெடுப்பது கடினம். உராய்வில் இது டெஃப்லானுக்குச் சற்றுப் பின்தங்கியதே; தேய்மானத்திலோ அதனினும் பன்மடங்கு மேலானது.

ஆயினும், முன்னர்ப் பெற்ற கசப்பான படிப்பினையைச் சார்ன்லி மறக்கவில்லை. திசுவில் என்ன விளைகிறது என்பதை அறிவதற்காக இருவகைப் பொருளின் துகள்களையும் தம்முடைய தொடையிலேயே செலுத்திக்கொண்டார். சில மாதங்களில் டெஃப்லான் வைத்த இடத்தில் கட்டி தட்டுப்பட்டது. பாலிஎதிலீன் வைத்த இடத்தில் அத்தகைய மாறுதல் இல்லை. இதனை அவர் 1963ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1962ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் நோயாளிகளுக்குப் பாலிஎதிலீன் கிண்ணங்களைப் பொருத்தத் தொடங்கிய அவர், பிறர் இம்முறையைக் கைக்கொள்வதற்குப் பல ஆண்டுகள் இசைவளிக்கவில்லை. தம் நோயாளிகளை ஆண்டுதோறும் வரவழைத்து எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துக் கிண்ணத்தின் தேய்மானத்தை அளந்து வந்தார். இறந்தபின் செயற்கை மூட்டைப் பரிசோதனைக்கு அளிக்குமாறு நோயாளிகளைக் கேட்டுக்கொண்டார், பலர் இசைந்தனர். தேய்மானம் சராசரியாக ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டரை ஒட்டிய அளவினதே என்பது இத்தகைய பொறுமையான பதிவுகளால் நிலைநாட்டப்பட்டது.

துகள்கள் உணர்த்திய புதிய உண்மை

பாலிஎதிலீனும் குறைகளினின்றும் நீங்கியதன்று. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் சிலருடைய மூட்டைச் சுற்றிய எலும்பு கரைந்து, மூட்டு தளர்வது காணப்பட்டது. 1980களில் பலர் அக்ரிலிக் காரையே இதற்குக் காரணம் எனக் கருதினர். காரையின்றிப் பொருத்தப்பட்ட மூட்டுகளிலும் இக்கேடு தோன்றவே, உண்மையான காரணம் வேறென்பது தெரிந்தது. ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறிய பாலிஎதிலீன் துகள்களை உடலின் காவலணுக்கள் விழுங்குகின்றன. அவற்றைச் செரிக்க இயலாமல், எலும்பைக் கரைக்கத் தூண்டும் இரசாயனப் பொருள்களைச் சுரக்கின்றன. கிருமி நீக்குவதற்காகக் காற்றின் முன்னிலையில் காமாக் கதிர் பாய்ச்சியதும் பிளாஸ்டிக்கை நாளடைவில் நலியச் செய்தது என்று 1990களில் அறியப்பட்டது. கதிர்வீச்சினால் இழைகளைக் குறுக்கே பிணைத்து, பின்னர் வெப்பப்படுத்திப் பக்குவம் செய்த புதிய வகை 1990களின் இறுதியில் பயனுக்கு வந்தது. அதன் தேய்மானம் பழைய வகையினும் மிகக் குறைவு.

இக்காலத்தில் வேறு வழிகளும் முயலப்பட்டன. 1970ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் பியர் பூத்தேன் அலுமினா என்னும் சுட்ட மட்பொருளால் மூட்டு செய்தார். அதன் தேய்மானம் மிகச் சிறிது. ஆனால், வளையாமல் உடையும் தன்மை அதற்குண்டு. சிர்கோனியா என்னும் மற்றொரு மட்பொருளாலான தலைகள் சில, உடலுக்குள்ளேயே உடைந்தமையால் 2001ஆம் ஆண்டில் திரும்பப் பெறப்பட்டன. பொருள் மாறவில்லை, சுடும் உலையின் முறை மாறியதே கேட்டுக்குக் காரணமாயிற்று.

உலோகத் தலையும் உலோகக் கிண்ணமும் சேர்ந்த மூட்டுகளின் வரலாறு இன்னும் கவலைக்குரியது. கோபால்ட்-குரோமியக் கலவை கடினமானது. ஆய்வுக்கூடச் சோதனைகளில் அதன் தேய்மானம் குறைவாகவே இருந்தது. ஆயினும், கிண்ணம் சற்றுச் சாய்ந்து பொருந்திய உடல்களில் விளிம்பு உராய்ந்து, நுண்ணிய உலோகத் துகள்கள் வெளிப்பட்டன. கோபால்ட், குரோமிய அயனிகள் இரத்தத்தில் மிகுந்து, மூட்டைச் சுற்றிய தசைகள் அழிந்தன. இத்தகைய மூட்டு வகை ஒன்று 2010ஆம் ஆண்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானோருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. மத்திய அரசு அமைத்த குழு இதனை ஆராய்ந்தது. பாதிக்கப்பட்டோருக்கு 30 லட்சம் ரூபாய் முதல் ஏறக்குறைய 1.2 கோடி ரூபாய் வரை இழப்பீடு வழங்குவதற்கான முறை 2018ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது.

இன்றைய செயற்கை இடுப்பு மூட்டு ஒரே பொருளால் ஆனதன்று. எலும்போடு ஒட்ட வேண்டிய தண்டும் கிண்ணத்தின் வெளி ஓடும் பெரும்பாலும் டைட்டானியக் கலவை. உராய்வைத் தாங்க வேண்டிய தலை கோபால்ட்-குரோமியக் கலவை அல்லது மட்பொருள். அதனை ஏற்கும் உட்கிண்ணம் குறுக்குப் பிணைப்புற்ற பாலிஎதிலீன். டைட்டானியம் எலும்புக்கு இனியதாயினும் உராயுமிடத்தில் விரைவில் தேய்ந்து திசுவைக் கருமையாக்கும். ஆதலால், அது தலைக்கு ஏற்றதன்று. ஒவ்வொரு பொருளும் தனக்குரிய இடத்தில், தனக்குரிய துணையோடு இருக்கும்போதே நற்பொருளாகிறது.

இந்தியாவில்

திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய செயற்கை இதய வால்வும் இதே உண்மைக்குச் சான்றாகும். கடினமான செயற்கை நீலக்கல்லாலான தட்டு முதலியவற்றை முயன்று கைவிட்ட பின்னரே, கோபால்ட் கலவைக் கூட்டினுள் மிகு மூலக்கூற்று எடைப் பாலிஎதிலீன் தட்டு இயங்கும் வடிவம் வெற்றி கண்டது. 1990ஆம் ஆண்டில் அது முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. மூட்டுக்கும் வால்வுக்கும் பணி வேறாயினும், பொருளைத் தேர்ந்தெடுக்கும் நெறி ஒன்றே.

2017ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகள் இத்தகைய சாதனங்களை, அவற்றால் நேரக்கூடிய இடருக்கேற்ப வகைப்படுத்தி ஒழுங்கு செய்கின்றன. அவ்விதிகள் 2018ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் நடைமுறைக்கு வந்தன. சாதனங்களால் விளையும் தீங்குகளைத் திரட்டி ஆராய்வதற்கான தேசியத் திட்டம் 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்து நூல் ஆணையம் அதனை ஒருங்கிணைக்கிறது.

களப்பணியாளரும் ஆசிரியரும்

செயற்கை மூட்டு பொருத்தப்பட்டவர்கள் இன்று கிராமங்களிலும் வாழ்கின்றனர். அவர்களிடம் களப்பணியாளர் சில செய்திகளை எடுத்துரைப்பது பயன் தரும். மூட்டின் வகை, பொருள், செய்தவர் பெயர், வரிசை எண் ஆகியவை அடங்கிய மருத்துவமனைச் சீட்டை நிலப் பத்திரத்தைப் போல் காத்து வைக்க வேண்டும். திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியாகும்போது, தமது மூட்டு அவ்வகையினதா என்பதை அச்சீட்டைக் கொண்டே அறிய இயலும். வலி இல்லாவிடினும் மருத்துவர் குறித்த காலத்தில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துக்கொள்வது அவசியம். எலும்பு கரைவது தொடக்கத்தில் வலியின்றியே நடைபெறக்கூடும். நன்றாக இருந்த மூட்டில் புதிதாக வலி, வீக்கம், காய்ச்சல், தழும்பில் கசிவு, கால் குட்டையாதல் ஆகியவற்றுள் எதுவும் தோன்றினால், எண்ணெய் தடவிக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். விலை மிகுந்த பொருளே தமக்கு ஏற்ற பொருள் என்று எண்ணிக் கடன்படுவதும் வேண்டாததே.

பள்ளி ஆசிரியர் இப்பாடத்தின் ஒரு பகுதியை எளிய சோதனையால் விளக்கலாம். ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஊற்ற வேண்டும். முதலாவதில் இரும்பு ஆணி ஒன்றையும், இரண்டாவதில் செம்புக் கம்பி இறுகச் சுற்றிய அதே வகை ஆணியையும், மூன்றாவதில் எவர்சில்வர் கரண்டியையும் இட்டு ஒரு வாரம் வைத்திருக்க வேண்டும். செம்பு சுற்றிய ஆணி, தனி ஆணியினும் மிகுதியாகத் துருப்பிடித்திருப்பதையும், கரண்டி பளபளப்பு மாறாதிருப்பதையும் மாணவர்கள் காண்பார்கள். பிறகு மெழுகுவர்த்தியைப் பலகையில் தேய்த்துக் காட்டி, வழுக்குவதும் தேயாதிருப்பதும் ஒன்றல்ல என்பதை உணர்த்தலாம்.

சுவீடன் நாட்டில் 1970களிலேயே செயற்கை மூட்டுகளுக்கான தேசியப் பதிவேடுகள் தொடங்கப்பட்டன. முழங்காலுக்கு 1975ஆம் ஆண்டிலும், இடுப்புக்கு 1979ஆம் ஆண்டிலும் அவை ஏற்பட்டன. எந்த மூட்டு எத்தனை ஆண்டுகள் நிலைத்தது, எது விரைவில் தோற்றது என்பதை அப்பதிவேடுகள் காட்டின. ஆய்வுக்கூடப் பொறி, ஒரு பொருள் எவ்வாறு தேய்கிறது என்பதைச் சில வாரங்களில் கூறிவிடும். அது மனித உடலில் இருபது ஆண்டுகள் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை, நோயாளியைத் தொடர்ந்து கண்டு வருபவரே கூற முடியும். டெஃப்லான் வழுக்குவதைப் பொறி காட்டிற்று. அது தோற்றதை நோயாளிகளே காட்டினர். கிராமத்து முதியவர் ஒருவரின் மூட்டில் புதிதாகத் தோன்றிய வலியைக் குறித்துக்கொண்டு உரியவருக்குத் தெரிவிக்கும் பணியாளரும், இவ்வாராய்ச்சியில் தமக்குரிய பங்கை ஆற்றுகிறார்.